ஏறக் காசு, இறங்க இலவசம்

திபிலிசியின் வடக்கே, கில்தானியில்,
பதினாறு மாடிக்கு ஒரே லிஃப்ட்.
ஏற வேண்டுமானால் பத்து டெட்ரி போட வேண்டும்.
இறங்கக் காசில்லை.
இந்த விதியை எழுதியவர் யாரோ,
குருமார்களைவிட அதிகம் யோசித்தவர்.

வியாழன்தோறும் பெட்டியைத் திறந்து
எண்ணுகிறவன் நான். தெங்கிஸ்.
சில்லறையோடு சட்டைப் பொத்தான் வரும்,
துருக்கி நாட்டுக் காசு வரும்.
ஒருமுறை புனித நினோவின் பதக்கம் வந்தது,
வட்டமாய், தேய்ந்து, யாருடைய கழுத்துச் சூட்டையோ மறந்து.
அதைப் போட்டு ஏறப் பார்த்திருக்கிறார்கள்.
இயந்திரம் ஏற்கவும் இல்லை,
திருப்பித் தரவும் இல்லை.
அது என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.
கேட்டு யாரும் வரவில்லை.

பிப்ரவரியில் கொபாலியா வீட்டுப் பெரியவர் போனார்.
பதினான்காம் மாடி.
இறங்க இலவசம்தான்,
சவப்பெட்டிக்குத்தான் லிஃப்டில் இடமில்லை.
ஆறு பேர் படிவழியே தூக்கினோம்.
ஒவ்வொரு தளத்திலும் கதவுகள் திறந்தன.
வெங்காயம் வதங்கும் வாசனையோடு
கரண்டியைக் கையிலேயே பிடித்தபடி நின்றார்கள்.
படியில் பல்பு இல்லாத இடத்தில்
யாரும் சொல்லாமலே செல்போன்கள் எரிந்தன.
திருப்பங்களில் முழுப் பாரமும் ஒரு முனைக்குச் சரியும்.
அந்த முனையை, பதினான்கு மாடிக்கும்,
பிச்சிக்கோ விடவே இல்லை.
குடிகாரன். யாரும் முகம் கொடுக்காதவன்.
அன்று ஒரு சொட்டுத் தொட்டிருக்கவில்லை.

ஏப்ரலில் எலிசோ இரட்டைக் குழந்தைகளோடு வந்தாள்.
உள்ளே ஐந்து பேர், முட்டைத் தட்டு, ஒரு சைக்கிள்.
எல்லாரும் இறங்கி வழிவிட்டார்கள், சைக்கிள் உட்பட.
அவளிடம் சில்லறை இல்லை.
ஐந்து கைகள் ஒரே துளையை நோக்கி நீண்டு
ஒன்றையொன்று இடித்துக்கொண்டன.
கதவு மூடிய பிறகும்
கீழே நின்றவர்கள் அண்ணாந்தே இருந்தார்கள்,
கூரையைத் தவிர அங்கே ஒன்றும் தெரியாது என்றாலும்.

இதையெல்லாம் நான் கடவுள் என்று சொன்னதில்லை.
எனக்கும் அவருக்கும் அப்போது பேச்சு இல்லை.

ஜூனில், தாரிக்கோவின் பரிசோதனைத் தாள் சட்டைப்பையில் இருக்க,
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே
மின்சாரம் போனது.
என் லிஃப்டில் நானே.
இருட்டில் உட்கார்ந்து திட்டினேன்.
என்னென்ன என்று எழுத மாட்டேன்,
கேட்க வேண்டியவருக்குக் கேட்டிருக்கும்.
ஓய்ந்து மூச்சு வாங்கியபோது
கதவிடுக்கில் ஒரு பையனின் குரல்:
"மாமா, உங்களுக்குமா நின்னுபோச்சு?"

சிரித்துவிட்டேன்.
அந்தத் தாளை வைத்துக்கொண்டு
சிரிக்க முடியும் என்று எனக்குத் தெரியாது.

அவன் இடுக்கு வழியே சூரியகாந்தி விதைகளைக் கொட்டினான்.
பாதி பள்ளத்தில் விழுந்தது, பாதி என் மடியில்.
பதினேழு எட்டு எவ்வளவு என்றான்.
நூற்று முப்பத்தாறு என்றேன்.
வீட்டுப்பாடம் முழுவதையும்
என்னிடமே வாங்கிக்கொண்டான், கெட்டிக்காரன்.
நாற்பது நிமிடம்.
விளக்கு வந்தபோது முதலில் தெரிந்தது
என் செருப்பைச் சுற்றிக் கிடந்த தோல்கள்.
அவ்வளவையும் நானா கொறித்தேன்?

தாரிக்கோவுக்கு இன்னும் குணமாகவில்லை.
சில காலைகளில் கஞ்சி வயிற்றில் தங்குகிறது.
சில காலைகளில் பாத்திரத்தைப் பிடித்தபடி
அவள் முதுகைத் தடவுகிறேன்.
முள்ளெலும்புகளை எண்ணுகிறேன், காசு எண்ணுகிற விரலால்.
அப்போதும் அறைக்குள் மூன்றாவதாய் யாரோ
இருப்பதுபோல் இருக்கிறது.
உதவுவதில்லை. போவதும் இல்லை.

நேற்றிரவு அவள் கேட்டாள்:
"இருக்கிறார் என்றால், எந்த மாடியில்?"
எனக்குத் தெரியவில்லை.
எங்கள் லிஃப்டில் ஒன்பதாம் பொத்தானின் எண்
முழுதும் தேய்ந்துபோயிற்று என்றேன்.
எல்லாரும் தடவித்தான் அழுத்துகிறார்கள்.

"வேறு பொத்தான் வாங்கிப் போடக் கூடாதா?"
என்றபடி கண்ணயர்ந்தாள்.